கல்பாக்கமா, வடசென்னையா: கரண்டு எதில் மலிவு?

(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு வாசகர், "அணு மின்சாரம் மலிவா, நிலக்கரி மின்சாரம் மலிவா?" என்று கேட்டிருந்தார். (தலைப்பில் கல்பாக்கம் என்றது அங்கே இருக்கும் அணு உலை, வடசென்னை என்றது அங்கே இருக்கும் நிலக்கரி நிலையம்.) "வட்டி எத்தனை சதவீதம் என்று முதலில் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் வடாற்காட்டில் ஒருவருக்கும் திருப்தி இல்லை. "நீங்கள் போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்கள்" என்று ஆசிரியர் இந்த முறை கூடுதல் பக்கம் ஒதுக்கிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருக்கும் பெயர் போடவில்லை. ஊர் மட்டும் போதும்.

கேள்வி: வட்டி கிட்டி என்று நழுவாமல், பைசா பைசாவாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.
(நெசவாளர், குடியாத்தம்)

சரி ஐயா, போட்டுவிடுவோம். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ராணிப்பேட்டை பெல் ஆலையில் எஸ்டிமேட் போட்டே தலை நரைத்தவன். பாய்லருக்கு வேண்டிய ராட்சத மின்விசிறிகள், புகையில் இருக்கும் சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி. இதற்கெல்லாம் விலை போடுவதுதான் வேலை. நிலக்கரி போட்ட சோறு தின்றவன். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஒரு மெகாவாட்டை எடுத்துக்கொள்வோம். அது மணிக்கு 1,000 யூனிட் தரும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். பழுது, பராமரிப்பு எல்லாம் போக 80 சதவீதம் ஓடுகிறது என்றால் 70 லட்சம் யூனிட் கிடைக்கும். இந்த 70 லட்சம்தான் நம் வகுக்கும் எண்.

முதலில் கட்டும் செலவு. கூடங்குளத்தில் 3, 4-ம் அலகுகளுக்கு ஒப்புதல் ஆன தொகை 39,849 கோடி. இரண்டும் சேர்ந்து 2,000 மெகாவாட். அப்படியென்றால் மெகாவாட்டுக்கு 20 கோடி. அதே தென்கோடியில் உடன்குடியில் கட்டும் நிலக்கரி நிலையம், 660 மெகாவாட் அலகுகள் இரண்டு, சுமார் 13,000 கோடி. மெகாவாட்டுக்கு 10 கோடி. ஆக அணு உலை கட்டுவதற்கு இரட்டிப்புச் செலவு. முடிக்கும்போது இந்தத் தொகைகள் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பணத்தை 5 சதவீத வட்டிக்கு வாங்கி, அணு உலைக்கு 40 வருஷம், நிலக்கரிக்கு 30 வருஷம் என்று சமத் தவணையில் கட்டுகிறோம் என்று வையுங்கள். அணு உலைக்கு வருஷத் தவணை 1 கோடியே 17 லட்சம். 70 லட்சத்தால் வகுத்தால் யூனிட்டுக்கு 1.66 ரூபாய். நிலக்கரிக்கு 65 லட்சம், அதாவது 93 பைசா.

அடுத்து எரிபொருள். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க 650 கிராம் எரிக்க வேண்டும். டன் 4,500 ரூபாய்க்கு நிலையத்தில் வந்து இறங்குகிறது என்று வைத்தால் யூனிட்டுக்கு 2.93 ரூபாய். அணு எரிபொருளுக்குத் தாராளமாகவே ஒரு ரூபாய் போடுகிறேன். சம்பளம், பராமரிப்பு, காப்பீடு வகையில் அணுவுக்கு 60 பைசா, நிலக்கரிக்கு 45 பைசா. கடைசியில் உலையை மூடிப் பிரிக்க இப்போது வசூலிக்கும் 2 பைசா. டன் விலை, ஒரு ரூபாய், 60, 45 ஆகிய நான்கும் நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டினால் அணு 3.28 ரூபாய், நிலக்கரி 4.31 ரூபாய். அணு மின்சாரம் ஒரு ரூபாய்க்கு மேல் மலிவு. "அப்பாடா, முடிந்தது" என்று பேனாவை மூடிவிடாதீர்கள்.

வட்டியை மட்டும் 10 சதவீதம் ஆக்குங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அணு 4.54, நிலக்கரி 4.89. ஒரு ரூபாய் வித்தியாசம் 35 பைசாவாகச் சுருங்கிவிட்டது. 12 சதவீதம் போடுங்கள், 5.08-க்கு 5.15. ஏறக்குறைய சமம். யுரேனியமும் மாறவில்லை, நிலக்கரியும் மாறவில்லை. மாறினது வங்கி மேனேஜர் எழுதிய எண் மட்டும்தான். வளர்ந்த நாடுகளின் அணுசக்தி முகமை மின்சாரச் செலவை ஒப்பிட்டு வெளியிடும் அறிக்கைகளில் 3, 7, 10 சதவீதம் என்று மூன்று விதமாகப் போட்டுக் காட்டுவது இதனால்தான். 3 சதவீதக் கணக்கைக் காட்டி ஒருவர் அணுவுக்குக் கொடி பிடிப்பார். 10 சதவீதத்தைக் காட்டி இன்னொருவர் வேண்டாம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

சத்துவாச்சாரியில் லோன் போட்டு வீடு கட்டுகிறவர் அணு உலைக்காரர். அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறவர் நிலக்கரிக்காரர். கட்டுகிறவருக்கு பயம் வட்டி மேல், வாடகைக்காரருக்கு பயம் வீட்டுக்காரர் மேல். யாருக்குச் செலவு குறைவு என்று பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி. இதுவரை போட்டது எல்லாம் குறித்த காலத்தில் கட்டி முடித்தால்தான். பணத்தை வருஷாவருஷம் சமமாகச் செலவு செய்கிறோம், வட்டி 10 சதவீதம், ஆறு வருஷத்தில் முடிய வேண்டிய உலை பன்னிரண்டு வருஷம் இழுத்துவிட்டது. ஒரு யூனிட் கூட விற்காத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? 20 கோடி, கிட்டத்தட்ட 27 கோடியே 70 லட்சம் ஆகிவிடும். யூனிட் விலை 5.66-க்குப் போய்விடும். அதாவது தாமதத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு 1.12 ரூபாய். நிலக்கரி நிலையமும் நாலு வருஷம் எட்டு வருஷமாக இழுத்தால் அடிபடும்தான், ஆனால் அந்த அடி 35 பைசா. முதலீடு குறைவு, அதனால் வட்டியின் பல்லும் குட்டை.

போன இதழில் ஒரு வரியில் சொன்னதற்கு இதுதான் விரிவுரை. யுரேனியம் என்ன விலை என்று கேட்பதைவிட, கடன் என்ன வட்டி, வேலை எப்போது முடியும் என்று கேட்டால் அணு மின்சாரத்தின் விலையில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கேள்வி: யுரேனியம் உலகத்தில் சில நாடுகளிடம்தான் இருக்கிறது, விலை எகிறினால் என்ன செய்வது என்று எங்கள் வகுப்பில் விவாதம் வந்தது. நிலக்கரியாவது நம் நாட்டிலேயே இருக்கிறதே?
(கல்லூரி மாணவி, காட்பாடி)

நல்ல கேள்விம்மா. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் உலையில், செறிவூட்டாத சாதாரண யுரேனியம் ஒரு கிலோவிலிருந்து சுமார் 48,000 யூனிட் வரும். அதே 48,000 யூனிட்டுக்கு நிலக்கரி வேண்டுமானால் 31 டன். காட்பாடி ஜங்ஷனில் நிற்கும்போது பார்த்திருப்பாய், ஒரு கூட்ஸ் பெட்டி ஏறக்குறைய 60 டன் தாங்கும். பாதிப் பெட்டி நிலக்கரிக்கு ஒரு கிலோ யுரேனியம்.

இப்போது விலை. யுரேனியத்தைச் சந்தையில் ராத்தல் (பவுண்டு) கணக்கில் ஆக்சைடாக விற்பார்கள். 2016-ல் 20 டாலர் அளவுக்குக் கிடந்தது, 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. ராத்தல் 50 டாலர் என்றால், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், ஒரு யூனிட்டில் யுரேனியத்தின் பங்கு 23 பைசா. 100 டாலர் ஆனால் 46 பைசா. தாதுவின் விலை இரட்டிப்பு ஆனதற்கு உங்கள் யூனிட்டில் ஏறுவது 23 பைசா. எரிபொருளுக்கு நான் போட்ட ஒரு ரூபாயில் மீதி எல்லாம் அதைச் சுத்தம் செய்து, குச்சியாக்கி, கட்டாகக் கட்டும் கூலி. அந்த வேலை ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் நடக்கிறது.

நிலக்கரி விலை இரட்டிப்பு ஆனால்? யூனிட்டுக்கு 2.93 ரூபாய் கூடும். கற்பனை இல்லை. 2020-ல் டன் 50, 60 டாலருக்குக் கிடைத்த ஆஸ்திரேலிய நிலக்கரி, உக்ரைன் போர் வந்த 2022-ல் 400 டாலரைத் தாண்டியது. வெளிநாட்டு நிலக்கரியை நம்பிக் கட்டிய நிலையங்கள் ஓடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவித்தன.

நம் நாட்டு நிலக்கரிக்கும் ஒரு சிக்கல் உண்டு, அது வழிச்செலவு. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் எண்ணூருக்கு வர வேண்டும். சுரங்க வாயிலில் இருக்கும் விலையைவிட வழிச்செலவு கூடிப்போவதும் உண்டு. அதிலும் 35, 40 சதவீதம் சாம்பல். வண்டிக்கூலி கொடுத்து வங்கக் கடலைத் தாண்டி நாம் ஏற்றிக்கொண்டு வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத மண். பூமியில் இருக்கிறது, சரி. நம் வாசலில் இல்லையே.

உங்கள் விவாதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு வருஷத்துக்கு 45 லட்சம் டன் வேண்டும். தினமும் மூன்று முழு ரேக், அதாவது மூன்று முழு கூட்ஸ் ரயில். அதே அளவு செறிவூட்டிய யுரேனிய உலைக்கு வருஷத்துக்கு 25, 30 டன் எரிபொருள். ஒரு வருஷத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். 45 லட்சம் டன்னை எங்கே கொட்டி வைப்பது?

கேள்வி: கட்டும் செலவு, எரிபொருள் எல்லாம் போட்டுவிட்டீர்கள். கழிவு? விபத்து? உலையை மூடும் செலவு? எங்கள் பள்ளியில் இதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
(ஆசிரியை, வாலாஜாபேட்டை)

டீச்சர், இதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான பதில்.

மூடும் செலவு. யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்குகிறார்கள் என்று மேலே சொன்னேன். 1,000 மெகாவாட்டுக்கு வருஷத்துக்கு 14 கோடி சேரும். 7 சதவீத வட்டியில் 40 வருஷம் போட்டு வைத்தால் 2,800 கோடி ஆகும். அமெரிக்காவில் ஓர் உலையைப் பிரித்து இடத்தைச் சுத்தம் செய்ய 50 கோடி டாலர், அதற்கு மேலும்கூட ஆகிறது. நம் பணத்தில் 4,000 கோடிக்கு மேல். நம் ஊர்க் கூலி குறைவு என்று சமாதானம் சொல்லலாம். என்னைக் கேட்டால் 2 பைசா போதாது. ஆனால் அதை 10 பைசா ஆக்கிவிடுங்கள், மேலே போட்ட கணக்கில் ஏதாவது தலைகீழாகிறதா? இல்லை. அதனால் இந்த விஷயத்தில் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

விபத்து வேறு மாதிரி. அதற்குப் பைசாக் கணக்கு ஒத்துவராது. 2010-ல் நம் நாடாளுமன்றம் கொண்டுவந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உலை நடத்துகிறவர் கொடுக்க வேண்டியதற்கு 1,500 கோடி என்று வரம்பு கட்டியது. ஃபுகுஷிமாவுக்கு ஜப்பான் அரசு 2016-ல் போட்ட மதிப்பீடு 21.5 லட்சம் கோடி யென். ரூபாயில் 12, 13 லட்சம் கோடி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வரம்புக்கு மேலே போவதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றால், வரி கட்டும் நீங்களும் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பொருள். அணு மின்சார விலையில் எழுதப்படாத சலுகை இது. அந்த விபத்து அடிக்கடி வராது என்பதும் உண்மைதான். வராத செலவை எப்படி எழுதுவது என்று கணக்குப் பிள்ளைகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நிலக்கரியின் விபத்து தினமும் நடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. அது செய்தியில் வராது. இது என் தொழில், கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஈ.எஸ்.பி. நூற்றுக்கு 99.9 சாம்பலைப் பிடித்துவிடும். அது ராணிப்பேட்டைக்குப் பெருமை. ஆனால் 45 லட்சம் டன் நிலக்கரியில் சாம்பல் மட்டும் 16, 17 லட்சம் டன். பிடித்ததை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. செங்கல்லும் சிமென்டும் ஆனது போக மீதி சாம்பல் குளத்துக்குப் போகும். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் கலந்த தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அப்புறம், ஈ.எஸ்.பி. பிடிப்பது தூசியைத்தான், கந்தக வாயுவை இல்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும். 2015 டிசம்பரில் மத்திய அரசு அதைக் கட்டாயமாக்குவது போல வரம்பு கொண்டுவந்தது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். கருவி வாங்காததால் யூனிட்டில் மிச்சமான காசு எங்கே செலவாகும்? ஆஸ்பத்திரியில். அந்தப் பில்லில் மின்வாரியத்தின் முத்திரை இருக்காது, அவ்வளவுதான்.

கரியமில வாயுவையும் சேர்க்க வேண்டும். சுரங்கம் தொடங்கி எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், அணு 12 கிராம் என்பது ஐ.நா. பருவநிலைக் குழு 2014-ல் எடுத்த நடு மதிப்பு. டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஒரு விலை வைத்தால் நிலக்கரி யூனிட்டில் 82 பைசா ஏறும், அணுவில் ஒரு பைசா. நம் நாட்டில் இதற்கு ஒரு சின்ன முயற்சி இருந்தது. 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய்மை வரி போட்டு, 2016-ல் 400 ஆக்கினார்கள். யூனிட்டுக்கு 26 பைசா வந்தது. 2025 செப்டம்பரில் அந்த 400 போய்விட்டது. பதிலாக ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதம் ஆனது. எடைக்குப் போட்ட வரி விலைக்குப் போடும் வரியாக மாறினதில் மட்டமான, சாம்பல் நிறைந்த நிலக்கரிக்குத்தான் லாபம். எனக்கு இது பிடிக்கவில்லை.

கழிவைப் பற்றி ஒரு வரி. அளவில் சின்னது, வயதில் நீளம். செலவைவிட, அதை எங்கே வைப்பது என்று ஊர் ஒப்புக்கொள்வதுதான் பிரச்சினை.

கேள்வி: எங்கள் ஷூ கம்பெனியில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். அதைவிட எல்லாமே மலிவுதானே, எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?
(தோல் தொழில் செய்பவர், ஆம்பூர்)

பாய், நீங்கள் சொல்வது ரொம்ப சரி. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் வரும். லிட்டர் 92, 93 ரூபாய் என்றால் யூனிட் 26 முதல் 31 ரூபாய். அணு 3.28-ஆ 5.66-ஆ என்று நாங்கள் பைசாவுக்கு அடித்துக்கொள்ளும்போது உங்களுக்குச் சிரிப்பு வருவது நியாயம். 2012-ல் சென்னையைத் தாண்டிய ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் ஜெனரேட்டர் சத்தத்தில்தான் தூங்கின. அந்த வருஷம் கூடங்குளத்தில் முதல் உலை கட்டி முடிந்த நிலையில் இருந்தது, இடிந்தகரையில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 2013 அக்டோபரில்தான் அதிலிருந்து மின்சாரம் வந்தது. போராடினவர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கடலோரத்தில் குடியிருப்பது அவர்கள். ஆனால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி ஒருபக்கம், உங்கள் டீசல் பில் மறுபக்கம், இரண்டையும் எந்த எஸ்டிமேட்டிலும் யாரும் எழுதவில்லை.

கேள்வி: வெயிலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. சோலார் இருக்கும்போது அணுவும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம் என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?
(விவசாயி, போளூர்)

பகலில் சோலாருக்கு இரண்டுமே கிட்ட வர முடியாது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் நீங்கள் ஃபேன் போடும்போது கேளுங்கள். பேட்டரியின் விலையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். அது வருஷாவருஷம் இறங்கிக்கொண்டு வருகிறது. அந்தக் கணக்குக்கு ஒரு தனி இதழ் வேண்டும்.

கேள்வி: அணு உலை எஸ்டிமேட் மட்டும் ஏன் எப்போதும் எகிறுகிறது? நீங்கள் எஸ்டிமேட்காரர் ஆயிற்றே, உள்விஷயம் சொல்லுங்கள்.
(ரயிலில் தினமும் சென்னை போய்வருபவர், அரக்கோணம்)

உள்விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு பொருளை முதல் தடவை செய்யும்போது போடும் விலை எஸ்டிமேட் அல்ல, ஆசை.

கல்பாக்கத்தில் இருக்கும் 500 மெகாவாட் வேக ஈனுலையை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை உலை) பாருங்கள். நாட்டிலேயே அந்த வகையில் அந்த அளவில் அதுதான் முதல். 2003-ல் 3,492 கோடி என்று ஒப்புதல் ஆனது, பிறகு 5,677 கோடி, அதற்கும் மேலே போயிற்று. 2010-ல் ஓட வேண்டியது, 2024 மார்ச்சில்தான் உலையின் மையப் பகுதியை நிரப்பவே ஆரம்பித்தார்கள். கூடங்குளம் முதல் இரண்டு அலகுகள் 13,171 கோடியில் தொடங்கி 22,000 கோடியைத் தாண்டின. நமக்கு மட்டும்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாவது உலை 2005-ல் தொடங்கி 2009-ல் முடிய வேண்டியது, 2023-ல் முடிந்தது. 300 கோடி யூரோ என்று சொன்னது 1,100 கோடி அளவுக்கு வந்து நின்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் நிலையத்தின் 3, 4-ம் உலைகள் 1,400 கோடி டாலரில் தொடங்கி 3,000 கோடி டாலரைத் தாண்டின, ஏழு வருஷம் தாமதம்.

எங்கள் ஆலையில் ஒரு மின்விசிறியின் இறக்கையில் வெல்டிங் சரியில்லை என்றால் தேய்த்துவிட்டு மறுபடி போடுவோம், ஒரு ஷிப்டில் முடிந்துவிடும். உலையில் ஒரு குழாய் இணைப்பை மாற்ற வேண்டும் என்றால் வரைபடம் மாறும், ஒழுங்குமுறை வாரியம் பார்க்கும், கேள்வி கேட்கும், பதில் எழுத வேண்டும். அது அவசியம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை ஆயிரக்கணக்கான ஆட்கள் சும்மா நிற்பார்கள். வட்டி நிற்காது.

இதற்கு ஒரே மருந்து ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பக் கட்டுவது. 2017-ல் மத்திய அரசு 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்துக்கு ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 1,05,000 கோடி, மெகாவாட்டுக்கு 15 கோடி. பத்துக்கும் ஒரே வார்ப்பு, ஒரே ஆர்டர். காகிதத்தில் நல்ல யோசனை. பத்தாவது உலை முதலாவதைவிடச் சீக்கிரமாக முடிந்தால் நான் நம்புவேன்.

இன்னொரு ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்தில் 1984-லும் 86-லும் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகளும் சேர்ந்து 250 கோடிக்குள் கட்டப்பட்டவை. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த மின்சாரத்தின் விலையைக் காட்டி, "பாருங்கள் அணு எவ்வளவு மலிவு" என்று மேடையில் பேசுவார்கள். அணுவை எதிர்க்கிறவர்கள் வோக்டிலைக் காட்டி, "பாருங்கள் எவ்வளவு கொள்ளை" என்பார்கள். பழைய உலையோடு புதிய நிலக்கரி நிலையத்தையும், புதிய உலையோடு கடன் தீர்ந்த பழைய நிலக்கரி நிலையத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

கேள்வி: வடாற்காட்டுக்கு ஏன் ஒரு பெரிய மின் நிலையம்கூட வரவில்லை?
(ஆரணி)

தண்ணீர் இல்லை. நிலக்கரியோ அணுவோ, நீராவியைக் குளிர வைக்க ஆறு வேண்டும் அல்லது கடல் வேண்டும். பாலாற்றை நேரில் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் 80 சதவீதம் ஓடும் என்று இரண்டுக்கும் ஒரே எண் போட்டது நியாயமா?
(கணக்காளர், திருப்பத்தூர்)

பிடித்துவிட்டீர்கள், கணக்காளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். வசதிக்காகப் போட்டேன். உண்மையில் நிலக்கரி நிலையங்கள் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும். பகலில் சோலார் வந்தால் இவற்றைத்தான் குறைக்கச் சொல்வார்கள். 60 சதவீதம்தான் ஓடுகிறது என்றால், 10 சதவீத வட்டியில் நிலக்கரியின் கட்டுமானப் பங்கு 1.51-லிருந்து 2.02 ரூபாய் ஆகிவிடும். நிலையம் சும்மா இருந்தாலும் அந்தக் கட்டணத்தை மின்வாரியம் கட்டியாக வேண்டும். அணு உலையை யாரும் அப்படி அடிக்கடி குறைப்பதில்லை, எரிபொருள் மலிவு என்பதால் ஓட ஓட லாபம். கர்நாடகத்தில் கைகா முதலாவது உலை 2018 டிசம்பர் வரை 962 நாள் நிற்காமல் ஓடி உலக சாதனை செய்தது. ஆனால் உலை ஒரு பழுதில் மாதக்கணக்கில் நின்றுவிட்டால் இதே கணக்கு அப்படியே திரும்பி நம்மைக் கடிக்கும்.

கேள்வி: கூடங்குளம் ஓட ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. மலிவு மலிவு என்கிறீர்கள், என் வீட்டு பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே?
(லேத் பட்டறை வைத்திருப்பவர், வேலூர்)

குறையாது தம்பி. கூடங்குளம் முதல் இரண்டு அலகுகளில் தமிழ்நாட்டுக்கு வருவது 1,125 மெகாவாட். 2024 மே மாதம் நம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த 1,125-ம் வருஷம் முழுக்க நன்றாக ஓடி, நிலக்கரியைவிட யூனிட்டுக்கு முழுசாக ஒரு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது என்றே வைப்போம். சுமார் 790 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகை. மாநிலம் வருஷத்துக்குச் செலவழிக்கும் 12,000 கோடி யூனிட்டில் அதைப் பிரித்தால் யூனிட்டுக்கு ஆறரைப் பைசா. வாரியத்தின் பழைய கடனும், கம்பியில் கரையும் மின்சாரமும் அதை வழியிலேயே விழுங்கிவிடும். அப்படி விழுங்காமல் உங்கள் கைக்கே வந்து சேர்ந்தாலும், இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 26 ரூபாய். ஆற்காட்டுப் பக்கம் போனால் மக்கன் பேடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.